வாபஸ் ஆன மறுநாள்

2019 அக்டோபரில் சிலி நாட்டின் தலைநகர் சாண்டியாகோவில் மெட்ரோ ரயில் கட்டணம் 30 பெசோ உயர்ந்தது. நெரிசல் நேரத்து டிக்கெட் 800 பெசோவிலிருந்து 830 ஆனது. முதலில் கிளம்பியவர்கள் பள்ளி மாணவர்கள். சீருடையோடு கூட்டம் கூட்டமாக நிலையங்களுக்குள் நுழைந்து, டிக்கெட் சரிபார்க்கும் சுழல் கதவுகளைத் தாண்டிக் குதித்து, காசு கொடுக்காமல் ரயில் ஏறினார்கள். மற்ற பயணிகளையும் அப்படியே வரும்படி அழைத்தார்கள்.

அந்தச் செய்தியை அப்போது படித்தபோது ஒரு விவரத்தைத் தவறவிட்டிருந்தேன். பல மாதங்கள் கழித்துத்தான் அது கண்ணில் பட்டது. மாணவர்களுக்கான கட்டணம் உயர்த்தப்படவே இல்லை. குதித்த பிள்ளைகளின் பையிலிருந்து ஒரு பெசோகூட அதிகமாகப் போகப்போவதில்லை. விடியும் முன் வேலைக்குக் கிளம்பி, இருட்டிய பிறகு வீடு திரும்பும் அம்மாவுக்காகவும் அப்பாவுக்காகவும்தான் அவர்கள் குதித்தார்கள். இது தெரிந்த பிறகு அந்தக் காணொளிகளை மறுபடியும் பார்த்தேன். இந்த முறை கண்கள் கலங்கின.

அரசு இதை ஒரு தொகையாகவே பார்த்தது. கூட்டமில்லாத அதிகாலையில் கட்டணம் குறைவு, சீக்கிரம் எழுந்து கிளம்புகிறவர்கள் மிச்சம் பிடிக்கலாம் என்ற பொருளில் பொருளாதார அமைச்சர் பேசினார். ஏற்கெனவே நான்கு மணிக்கு எழுந்துகொண்டிருந்தவர்களின் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? அக்டோபர் 18ஆம் தேதி நகரமே கொதித்தது. மெட்ரோ நிலையங்கள் எரிந்தன. அன்றிரவே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ராணுவத் தளபதி பினோசேயின் சர்வாதிகாரத்துக்குப் பிறகு மக்கள் கொந்தளிப்பை அடக்க ராணுவம் தெருவில் இறங்கியது அதுவே முதல் முறை. மறுநாள், அக்டோபர் 19ஆம் தேதி, அதிபர் செபாஸ்டியான் பினேரா கட்டண உயர்வை நிறுத்திவைப்பதாக அறிவித்தார்.

அரசின் கணக்கில் அத்தோடு விவகாரம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 25ஆம் தேதி சாண்டியாகோவில் மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் திரண்டார்கள். அவர்கள் ஏந்தியிருந்த அட்டைகளில் இப்படி எழுதியிருந்தது: “இது 30 பெசோ பற்றியது இல்லை. 30 ஆண்டுகள் பற்றியது.” 1990இல் ஜனநாயகம் திரும்பிய பிறகும், பினோசே காலத்தில் 1980இல் எழுதப்பட்ட அரசியல் சட்டமே நடைமுறையில் இருந்தது. ஓய்வூதியம் தனியார் நிறுவனங்களின் கையில் இருந்தது. குடிநீரும் அப்படித்தான். பிள்ளையைப் படிக்கவைத்தால் கடன், உடம்புக்கு வந்தால் கடன். இவற்றில் எதையும் அந்த 30 பெசோ உண்டாக்கவில்லை. தினமும் சுழல் கதவில் நிற்கும் நேரத்தில் இவை எல்லாவற்றையும் நினைவுபடுத்தியது, அவ்வளவுதான்.

உலகின் பெரிய மக்கள் போராட்டங்களில் கணிசமானவை இப்படி ஒரு சிறு தொகையில் தொடங்கியவை. பஸ் டிக்கெட், உப்பு, ரொட்டி, இறைச்சி, டீசல். அரசுகள் ஒவ்வொரு முறையும் திகைக்கின்றன, ‘இதற்கா இவ்வளவு’ என்று. பிறகு ஒரு கட்டத்தில் உயர்வை வாபஸ் வாங்குகின்றன. என்னைப் பல வருடங்களாகத் துரத்திக்கொண்டிருப்பது அந்த வாபஸுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்ற கேள்வி. ஒரு போராட்டத்தின் தலையெழுத்து, தடியடி நடந்த நாளில் தீர்மானமாவதைவிட அந்த மறுநாளில்தான் அதிகம் தீர்மானமாகிறது என்று நான் நினைக்கிறேன். அப்படி நினைப்பதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு தேர்வுக் கட்டண உயர்வை எதிர்த்து வகுப்புகளைப் புறக்கணித்தோம். மூன்று நாட்கள். இரண்டாம் நாள் இரவு விடுதியின் முன்வாசலை நிர்வாகம் பூட்டிவிட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் உள்ளே வர முடியாது, உள்ளே இருந்தவர்கள் வெளியே போக முடியாது. இரவுக் காவலாளி பின்வாசலைத் திறந்துவிட்டார். ஒப்பந்த ஊழியர், வயதானவர். “பிள்ளைகள் பனியில் கிடக்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். மூன்றாம் நாள் மாலை உயர்வு வாபஸ் என்று அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்டது. கூச்சலிட்டோம், ஒருவரையொருவர் தோளில் தூக்கினோம், அடுத்த நாள் வகுப்புக்குப் போனோம்.

ஒரு வாரம் கழித்துத்தான் அந்தப் பின்வாசலில் வேறொரு காவலாளி நிற்பதைக் கவனித்தேன். பழையவரை எங்கள் போராட்டம் முடிந்த மறுநாளே அனுப்பிவிட்டார்கள். எங்கள் கோரிக்கை மனுவில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: கட்டண உயர்வை ரத்து செய். ‘போராட்டத்தில் பங்கேற்றவர்கள் மீதும் உதவியவர்கள் மீதும் பழிவாங்கும் நடவடிக்கை கூடாது’ என்று தொழிற்சங்கக்காரர்கள் தங்கள் மனுக்களின் கடைசியில் எழுதுவார்களே, அந்த வரியின் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது. எங்களுக்கு அதை எழுதத் தோன்றவில்லை. அவருடைய வீட்டைத் தேடிப் போகவும் இல்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், அவர் பெயர்கூட எங்களில் பலருக்குத் தெரியாது.

பிரேசிலில் 2013 ஜூனில் நடந்ததைப் படிக்கும்போதெல்லாம் அந்த அறிவிப்புப் பலகை நினைவுக்கு வரும். சாவோ பாலோ நகரில் பஸ் கட்டணம் 3 ரியாலிலிருந்து 3.20 ஆனது. கட்டணமில்லாப் பயணம் என்பதை 2005 முதல் வலியுறுத்திவந்த ஓர் இளைஞர் இயக்கம் தெருவில் இறங்கியது. தொடக்கத்தில் சில ஆயிரம் பேர்தான். ஜூன் 13ஆம் தேதி போலீஸ் ரப்பர் தோட்டாக்களால் சுட்டது. செய்தியாளர்களும் காயமடைந்தார்கள். அதைப் பார்த்த நாடு எழுந்தது. 19ஆம் தேதி சாவோ பாலோவும் ரியோவும் உயர்வை வாபஸ் வாங்கின. மறுநாள் நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களில் பத்து லட்சம் பேருக்கு மேல் தெருவில் நின்றார்கள். “வெறும் 20 சென்டவோவுக்காக இல்லை” என்றார்கள். எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். மருத்துவமனை, பள்ளி, உலகக் கோப்பைக் கால்பந்துக்குச் செய்த செலவு, ஊழல். போராட்டத்தைத் தொடங்கிய இயக்கமோ, கோரிக்கை நிறைவேறிவிட்டது, வலதுசாரிகள் கூட்டத்துக்குள் நுழைகிறார்கள் என்று சொல்லிப் பின்வாங்கியது. அந்த இளைஞர்களை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் பத்து லட்சம் பேர் தங்கள் பின்னால் வந்து நிற்பார்கள் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? ஆனால் தெரு வெற்றிடமாக இருப்பதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் அதே சாலைகளில், தேசியக் கொடியின் மஞ்சளும் பச்சையும் உடுத்திய வேறு கூட்டங்கள், வேறு கோரிக்கைகளோடு நின்றன. 2016இல் அதிபர் தில்மா ரூசெஃப் பதவி நீக்கப்பட்டார். 2018 அதிபர் தேர்தலில் தீவிர வலதுசாரியான பொல்சனாரோ வென்றார். இவற்றுக்கெல்லாம் அந்த ஜூன்தான் காரணம் என்று சொல்வது அநியாயம். ஆனால் அந்த ஜூனில் கிளம்பிய கோபத்துக்கு மறுநாள் தங்க ஒரு கூரை இல்லாமல் போனது. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: இன்று பிரேசிலில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களில் பஸ் பயணம் இலவசம். பெரும்பாலும் சிற்றூர்கள். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லப்பட்ட கோரிக்கை, தலைப்புச் செய்திகள் ஓய்ந்த பிறகு மெல்ல நடந்துபோய்ச் சேர்ந்திருக்கிறது.

சிறு தொகை எதேச்சையாக வந்து விழுவதும் உண்டு, தேடி எடுக்கப்படுவதும் உண்டு. 1930இல் காந்தி உப்பைத் தேடி எடுத்தார். ஜனவரியில் காங்கிரஸ் முழு விடுதலை என்று அறிவித்துவிட்ட நிலையில், உப்பு வரியா என்று சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்தார்கள். வைஸ்ராய் இர்வின், உப்பு இயக்கத்தை நினைத்துத் தனக்குத் தூக்கம் கெடவில்லை என்ற பொருளில் லண்டனுக்கு எழுதினார். மார்ச் 12ஆம் தேதி சபர்மதியிலிருந்து 78 பேருடன் கிளம்பியவர், ஏப்ரல் 6ஆம் தேதி தண்டிக் கடற்கரையில் ஒரு பிடி உப்பை எடுத்தார். அந்த ஆண்டு சிறைக்குப் போனவர்கள் அறுபதாயிரத்துக்கும் அதிகம்.

அதே ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தார். தொண்டர்களுக்கு உணவோ இடமோ தருபவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சை ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். உதவுகிறவர்களைத்தான் அரசு முதலில் குறிவைக்கிறது என்பதை இங்கேயும் பாருங்கள். மக்கள் உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள். கொடுத்தவர் யார் என்று மரம் சொல்லாது. வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற சவரத் தொழிலாளி, பாதிச் சவரத்தில் தன் முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். முடித்துவிடு என்று உத்தரவிடப்பட்டபோதும் மறுத்தார். சிறைக்குப் போனார். ஒரு பேரரசின் சட்டத்துக்கு எதிரான போராட்டம் என்று படிக்கும்போது மனத்தில் எழும் பெரிய படங்களைவிட அந்தப் பாதிச் சவரம்தான் எனக்கு நிறையச் சொல்கிறது. அரசு என்பது இப்படி ஆயிரம் கைகள் தினமும் தன் வேலையைச் செய்வதால் நிற்பது. அந்தக் கைகளில் ஒன்று நின்றது.

ஆனால் 1931 மார்ச்சில் காந்தி–இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானபோது உப்பு வரி ரத்தாகவில்லை. கடலோர ஏழைகள் தங்கள் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகை மட்டும் கிடைத்தது. நேரு உட்படப் பலர் மனம் நொந்தார்கள். வரி ஒழிந்தது 1947இல்தான். கேட்ட தொகை திரும்பி வராமலே ஒரு போராட்டம் தன் வேலையைச் செய்திருந்தது. அரசியல் கைதிகளை விடுவிப்பதாக அந்த ஒப்பந்தத்தில் வாக்குறுதி வாங்கப்பட்டிருந்தது என்பதையும் கவனியுங்கள். வன்முறைக் குற்றச்சாட்டில் இருந்தவர்களுக்கு அது பொருந்தவில்லை என்பது தனி வேதனை.

போலந்தின் கதையைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அங்கே பத்தாண்டுகளில் மூன்று முறை உணவு விலை உயர்ந்தது, மூன்று முறை தொழிலாளர்கள் எழுந்தார்கள், ஒவ்வொரு முறையும் வேறு விதமாக எழுந்தார்கள். தோற்றவர்கள் எப்படிக் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறு வேறு எனக்குத் தெரியாது.

1970 டிசம்பர் 12, கிறிஸ்துமஸுக்குப் பதின்மூன்று நாள் முன்பு, உணவுப் பொருள்களின் விலை உயர்வு அறிவிக்கப்பட்டது. கதான்ஸ்க் நகரின் கப்பல் கட்டும் தளத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் தெருவுக்கு வந்தார்கள். ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் அலுவலகத்துக்குப் போனார்கள். அது எரிந்தது. துப்பாக்கிகள் வெடித்தன. பக்கத்து நகரமான கிதினியாவில் 17ஆம் தேதி காலை நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. வேலைக்குத் திரும்புங்கள் என்று முந்தைய நாள் மாலை துணைப் பிரதமர் தொலைக்காட்சியில் வேண்டிக்கொண்டிருந்தார். அதை நம்பி மின்சார ரயிலில் வந்து இறங்கிய தொழிலாளர்கள் மீதுதான் ராணுவம் சுட்டது. அந்த வாரம் கடலோர நகரங்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உடல்கள் இரவோடு இரவாகப் புதைக்கப்பட்டன. கட்சித் தலைவர் கோமுல்கா பதவி இழந்தார், கியெரெக் வந்தார். விலை மட்டும் குறையவில்லை. அதைக் குறைக்க வைத்தவர்கள் 1971 பிப்ரவரியில் வேலைநிறுத்தம் செய்த வூச் நகரின் ஜவுளி ஆலைத் தொழிலாளர்கள். பெரும்பாலும் பெண்கள். பிரதமரே நேரில் வந்து பேசியும் அவர்கள் அசையவில்லை. ஆண்களைச் சுட்டு அடக்கிய அரசு, தறிகளின் முன் கைகட்டி நின்ற பெண்களிடம் பணிந்தது.

1976 ஜூனில் மறுபடி விலை உயர்வு. இந்த முறை அரசு ஒரே நாளில் வாபஸ் வாங்கியது. மேலோட்டமாகப் பார்த்தால் மாபெரும் வெற்றி. ஆனால் ராடோம், உர்சூஸ் ஆகிய இடங்களில் பிடிபட்ட தொழிலாளர்களை இரு வரிசையாக நின்ற போலீசாருக்கு நடுவே ஓடவிட்டு அடித்தார்கள். வேலை போனவர்களும் சிறைக்குப் போனவர்களும் ஏராளம். இறைச்சி பழைய விலைக்கே கிடைத்தது. வாங்கக் கையில் சம்பளம் இல்லை. அப்போது சில எழுத்தாளர்களும் பேராசிரியர்களும் வழக்கறிஞர்களும் செய்த ஒரு காரியம்தான் போலந்தின் போக்கை மாற்றியது. பெரிய அறைகூவல் எதையும் அவர்கள் விடுக்கவில்லை. செப்டம்பரில் தொழிலாளர் பாதுகாப்புக் குழு என்று ஒன்றை அமைத்து, சிறைக்குப் போனவர்களின் வீடுகளைத் தேடிப் போய்ப் பணம் கொடுத்தார்கள், வழக்கு நடத்தினார்கள், நீதிமன்ற வராந்தாக்களில் காத்திருந்தார்கள். கட்சி அலுவலகங்களை எரிக்காதீர்கள், உங்கள் குழுக்களை நீங்களே அமையுங்கள் என்பது அந்தக் குழுவின் யாச்செக் குரோன் சொன்னதாகப் பரவிய வாசகம். வாபஸ் ஆன மறுநாள் யார் எங்கே அடிபட்டுக் கிடக்கிறார்கள் என்று தேடிப் போனவர்கள் அவர்கள். என் காவலாளியின் வீட்டுக்கு நான் போயிருக்க வேண்டிய பயணம் அது.

1980 ஜூலையில் மீண்டும் இறைச்சி விலை. ஆகஸ்ட் 7ஆம் தேதி கதான்ஸ்க் தளத்தில் கிரேன் ஓட்டிய அன்னா வாலன்டினோவிச் என்ற பெண் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஓய்வுபெற ஐந்து மாதங்களே இருந்தன. 14ஆம் தேதி காலை தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். அவரைத் திரும்ப எடு என்பது முதல் கோரிக்கைகளில் ஒன்று. 1970இல் தெருவுக்குப் போய்ச் செத்ததை யாரும் மறக்கவில்லை. இந்த முறை தளத்தின் வாசலைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். மதுவுக்குத் தடை போட்டார்கள். சுடுவதற்கு ஒரு சாக்கும் கொடுக்கக் கூடாது என்று கவனமாக இருந்தார்கள்.

16ஆம் தேதி, சனிக்கிழமை, நிர்வாகம் இறங்கி வந்தது. அன்னாவுக்கு வேலை, முன்பே வேலையிழந்து இப்போது வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய மின்பணியாளர் லேக் வலேசாவுக்கு வேலை, மாதம் 1500 ஸ்லாட்டி சம்பள உயர்வு. வலேசா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்தார். தொழிலாளர்கள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். எங்கள் அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டப்பட்ட அதே தருணம்.

அங்கே அந்தத் தருணத்தில் சில பெண்கள் இருந்தார்கள். ஆதரவாக டிராமை நிறுத்திவிட்டு வந்திருந்த ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸ், நீங்கள் விட்டுவிட்டுப் போனால் நாங்கள் தொலைந்தோம், பஸ்கள் டாங்கிகளை எதிர்த்து நிற்க முடியாது என்ற பொருளில் கத்தினார். உங்களுக்காக வேலையை நிறுத்திய சிறிய ஆலைகள், பஸ், டிராம் ஊழியர்கள் எல்லோரும் வெளியே தனியாக நிற்கிறார்கள் என்பதே அவர் சொன்னது. ஒலிபெருக்கி துண்டிக்கப்பட்டிருந்தது. தளத்தின் மருத்துவப் பிரிவில் செவிலியராக இருந்த அலினா பியென்கோவ்ஸ்காவும் அன்னாவும் வாசல்களுக்கு ஓடினார்கள். சிறிய உருவம் கொண்ட அலினா ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று பேசினார். நிறையப் பேர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். பதினாறாயிரம் பேர் வேலை செய்த இடத்தில் மிஞ்சியவர்கள் ஆயிரம் சொச்சம். வாசல் மூடப்பட்டது. வலேசாவும் மனத்தை மாற்றிக்கொண்டார். அந்த இரவில் பல ஆலைகளின் பிரதிநிதிகள் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 21 கோரிக்கைகள் மரப்பலகைகளில் எழுதப்பட்டு வாசலில் தொங்கின.

அந்தப் பட்டியலை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். முதலாவது, கட்சிக்குக் கட்டுப்படாத சுதந்திரத் தொழிற்சங்கம். இரண்டாவது, வேலைநிறுத்த உரிமையும், வேலைநிறுத்தம் செய்கிறவர்களுக்கும் அவர்களுக்கு உதவுகிறவர்களுக்கும் பாதுகாப்பும். உதவுகிறவர்களுக்கும்! பட்டியலின் இரண்டாம் வரியிலேயே. நான்காவது, 1970லும் 1976லும் வேலை இழந்தவர்களைத் திரும்ப எடுக்க வேண்டும். பத்து வருடத்துக்கு முன் விடுபட்டவர்களையும் வாசலுக்குள் அழைத்துக்கொண்டார்கள். சம்பளமும் இறைச்சியும் அதற்கெல்லாம் பின்னால்தான் வருகின்றன. ஆகஸ்ட் 31ஆம் தேதி அரசு கையெழுத்திட்டது. அப்படிப் பிறந்த சாலிடாரிட்டி சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1970இல் இறந்தவர்களுக்கு நினைவுச் சின்னம் வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். அந்த டிசம்பரிலேயே தளத்தின் வாசலருகே மூன்று பெரும் சிலுவைகள் எழுந்தன. ஓராண்டில் ராணுவச் சட்டம் வந்தது, சங்கம் தடை செய்யப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் சிறைப்பட்டார்கள். ஆனாலும் 1989 ஜூனில் தேர்தல் நடத்தவேண்டிய நிலைக்கு அந்த அரசு வந்துசேர்ந்தது. அப்போதும் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது அதே சங்கம்.

பீப்பாய் மேல் நின்ற செவிலியரின் பெயர் உலகத்துக்கு அவ்வளவாகத் தெரியாது. நோபல் பரிசு வலேசாவுக்குப் போனது. அதில் எனக்கு வருத்தம் உண்டு.

லெபனானைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது, ஏனென்றால் அது இன்னும் வலிக்கிறது. சிலி கொதித்த அதே வாரம், 2019 அக்டோபர் 17ஆம் தேதி, வாட்ஸ்அப் அழைப்புகளுக்கு வரி என்ற அறிவிப்பு வந்தது. நாளுக்கு 20 அமெரிக்க சென்ட். சில மணி நேரத்திலேயே வாபஸ். ஆனால் பிரிந்து கிடந்த சமயப் பிரிவினர் ஒரே குரலில் “எல்லோரும் என்றால் எல்லோரும்” என்று எல்லாக் கட்சித் தலைவர்களையும் போகச் சொன்னார்கள். வடக்கே திரிப்போலியிலிருந்து தெற்கே தைர் வரை 170 கிலோமீட்டர் நீளத்துக்குக் கைகோத்து நின்றார்கள். பிரதமர் ஹரீரி விலகினார். பிறகு வங்கிகள் மக்களின் சேமிப்பை முடக்கின, பணம் மதிப்பிழந்தது, 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்தது. கைகோத்து நின்ற தலைமுறையில் எத்தனையோ பேர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள். போராட்டம் சரியாக நடத்தப்படாததால் தோற்றது என்று எவரேனும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். சில இடங்களில் எதிரே இருக்கும் சுவர் அவ்வளவு கனமானது.

சிலிக்குத் திரும்புகிறேன். 30 ஆண்டுகள் என்று கேட்டவர்களுக்கு 30 ஆண்டுகளுக்கு ஈடான ஒன்றைக் கொடுக்க வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் கட்சிகள் புதிய அரசியல் சட்டத்துக்கு ஒப்புக்கொண்டன. 2020 அக்டோபர் வாக்கெடுப்பில் 78 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஆணும் பெண்ணும் சம அளவில் அமர்ந்த மன்றம் ஒன்று புதிய சட்டத்தை எழுதியது. 2022 செப்டம்பரில் 62 சதவீதம் பேர் அதை நிராகரித்தார்கள். வலதுசாரிகள் கை ஓங்கிய இரண்டாவது வரைவும் 2023 டிசம்பரில் தோற்றது. பினோசே காலத்துச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் நிற்கிறது. அந்த முதல் தோல்விச் செய்தி வந்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. வேறு கண்டத்தில், வேறு மொழி பேசும் மக்களின் வாக்கெடுப்பு அது. ஆனாலும் சுழல் கதவைத் தாண்டிய அந்தப் பிள்ளைகளின் முகங்கள் வந்துகொண்டே இருந்தன.

தோல்வி என்று எழுதிவிட்டுப் போகவும் மனம் ஒப்பவில்லை. வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்பது 2023இல் சட்டமானது, படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஓய்வூதியச் சீர்திருத்தம் 2025 ஜனவரியில் நிறைவேறியது, கேட்டதில் பாதிகூட இல்லை என்றாலும். பிறகு, ஃபாபியோலா கம்பியாய் என்ற பெண்ணின் கதை இருக்கிறது. 2019 நவம்பரில் ஒரு மாலை, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்த தொழிலாளி. போலீஸ் சுட்ட கண்ணீர்ப்புகைக் குண்டு முகத்தில் பட்டு இரு கண்களின் பார்வையையும், முகர்வையும் சுவையையும் இழந்தார். அந்தப் போராட்ட மாதங்களில் கண்ணில் காயம்பட்டவர்கள் நூற்றுக்கணக்கில். 2021 தேர்தலில் கட்சி எதிலும் சேராமல் நின்ற அவரைச் சாண்டியாகோ பகுதி மக்கள் வேறெந்த வேட்பாளரையும்விட அதிக வாக்குகள் கொடுத்து செனட்டுக்கு அனுப்பினார்கள். சுட்ட அதிகாரிக்கு 12 ஆண்டுச் சிறை. புதிய சட்டத்தை நிராகரித்த அதே மக்கள்தான் இவரை மறக்கவில்லை.

வாபஸ் வாங்குவதற்கு எதுவுமே இல்லாத போராட்டங்களும் இருக்கின்றன. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி பிள்ளைகளைக் கடத்திப்போய்க் காணாமல் ஆக்கியது. 1977 ஏப்ரல் 30ஆம் தேதி பதினான்கு தாய்மார்கள் பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடி நிற்கத் தடை இருந்ததால், நிற்காதே, நட என்று போலீஸ் விரட்டியது. சரி என்று இருவர் இருவராகச் சதுக்கத்தைச் சுற்றி நடந்தார்கள். அந்த உத்தரவே அவர்களுடைய போராட்ட முறை ஆயிற்று. பின்னர் வியாழன்தோறும் நடந்தார்கள். 1994இல் ஜனநாயக அரசு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கியவர்களும் உண்டு, அதில் தவறு எதுவும் இல்லை. தாய்மார்களில் ஒரு பிரிவினர், என் பிள்ளையின் உயிருக்கு விலை கிடையாது என்று மறுத்துவிட்டார்கள்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் முன்பாக, ஏ9 சாலையோரத்தில், 2017 பிப்ரவரி 20ஆம் தேதி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் ஒரு கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியாவிலும், பிறகு வேறு ஊர்களிலும். பலர் 2009 மே மாதத்தில் தம் மகனையோ கணவனையோ தம் கையாலேயே ராணுவத்திடம் ஒப்படைத்தவர்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்ற வார்த்தையை நம்பி ஒப்படைத்தவர்கள். அவர்கள் கேட்பது ஒரே ஒரு கேள்விக்கு விடை: கையில் கொடுத்தேனே, எங்கே? காணாமல் போனோர் அலுவலகம் என்று ஒன்று வந்தது. ஆணைக்குழுக்கள் வந்தன, படிவங்கள் வந்தன. 2022 மார்ச்சில் இலங்கை அமைச்சரவை ஒரு தொகையையும் கொண்டுவந்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்.

வேண்டாம் என்றார்கள். கொட்டகையில் தொங்கும் பலகையில் நாட்களின் எண்ணிக்கை ஆயிரங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அமர்ந்தவர்களில் பலர் விடை தெரியாமலே இறந்துவிட்டார்கள். அவர்கள் ஏந்தியிருந்த புகைப்படங்களை இப்போது பக்கத்தில் இருந்தவர்கள் சேர்த்து ஏந்துகிறார்கள்.